வீட்டுக்குப் பின்னால் புலிக்காடு... புலி பார்க்க வண்டலூர்! வாண்டுகளோடு ஒரு நாள் டூர் லாபமா, நஷ்டமா?

ராஜபாளையம்:-

பள்ளிக்கூட லீவு விட்டால் போதும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பல்லவிதான். "அப்பா... ஜூவுக்கு எப்பப்பா கூட்டிட்டுப் போவீங்க?"

"அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்டா" என்று இரண்டு வருஷம் ஓட்டலாம். மூன்றாவது வருஷம் முடியாது. பக்கத்து வீட்டுப் பையன் போய்விட்டு வந்து வெள்ளைப்புலி போட்டோவைக் காட்டியிருப்பான். அன்றைக்கு ராத்திரி வீட்டில் சோறு இறங்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், புலி நம்ம வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைதான் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தார்கள். இந்தியாவில் 51-வது, தமிழ்நாட்டில் 5-வது. பரப்பு ஆயிரம் சதுர கிலோ மீட்டருக்கும் மேல். அதற்கும் முன்னால் 1988-ல் இருந்தே சாம்பல் நிற அணில் சரணாலயம் என்று பெயர் வாங்கிய காடு அது. யானை, சிறுத்தை, காட்டெருமை, வரையாடு, சிங்கவால் குரங்கு எல்லாம் உண்டு. அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவர்களைக் கேட்டால் யானை கதை விடிய விடியச் சொல்வார்கள்.

ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், "அதோ பாரு புலி" என்று காட்ட முடியுமா? முடியாது. காட்டவும் கூடாது. புலிகள் காப்பகம் என்பது புலி வாழ்வதற்கான இடம். வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. வருஷக்கணக்கில் அங்கே ரோந்து போகிற வனக்காவலர்களுக்கே கால்தடமும் கேமராவில் பதிந்த படமும்தான் கிடைக்கும். ஆகவே புலியை நேரில் பார்க்க, புலிக்காட்டு அடிவாரத்துப் பிள்ளை 500 கிலோ மீட்டருக்கு மேல் ரெயில் ஏறி சென்னை வண்டலூருக்குப் போக வேண்டியிருக்கிறது.

தாத்தா பார்த்தார்... பேரன் பார்க்கவில்லை!

இந்தத் தவிப்பு முன்பு இந்த அளவுக்கு இல்லை. காரணம், சர்க்கஸ். ஊர்ப் பொட்டலில் கூடாரம் போட்டு, ராத்திரி வானத்தில் லைட்டைச் சுழற்றி விடுவார்கள். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனால் சிங்கம், புலி, கரடி எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். இன்று 50 வயதைத் தாண்டியவர்களில் நிறையப் பேர் முதல் புலியை அப்படித்தான் பார்த்தார்கள்.

1998-ல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய 5 வகை விலங்குகளை வித்தை காட்டப் பழக்கக்கூடாது என்று தடை போட்டது. சர்க்கஸ்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை சரிதான் என்று சொல்லிவிட்டது. நெருப்பு வளையத்துக்குள் சாட்டைக்குப் பயந்து தாவிய புலியின் பாட்டை நினைத்தால் அந்தத் தீர்ப்பில் தப்பே இல்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே 'மிருகக்காட்சி' அதோடு போனது. அதற்குப் பதிலாக இந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. மதுரையில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் வண்டலூர் மாதிரி ஒரு பெரிய உயிரியல் பூங்கா இன்றுவரை கிடையாது.

சரி, "நம்ம ஊர்லயே சின்னதா ஒண்ணு வைக்கலாமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சின்னதாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவை சாட்சி. அங்கே மாநகராட்சி நடத்திய வ.உ.சி. பூங்கா உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை, இடம் போதவில்லை, வசதி போதவில்லை என்று 2022-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ரத்து செய்துவிட்டது. நாலைந்து ஏக்கரில் கூண்டு போட்டு மிருகம் வளர்க்கிற காலம் போய்விட்டது. ஒரு புலிக்கு இவ்வளவு இடம், இவ்வளவு தண்ணீர், முழுநேர டாக்டர், தினமும் கிலோக் கணக்கில் இறைச்சி என்று விதி இருக்கிறது. நகராட்சி பட்ஜெட்டில் ஆகிற காரியம் இல்லை. மாநில அரசு நினைத்தால் மட்டுமே ஆகும். மதுரை, விருதுநகர், தென்காசி, நெல்லை என்று இத்தனை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நடுவில் ஒரு பெரிய பூங்கா கேட்பது பேராசை இல்லை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் ஓட்டு கேட்டு வரும்போது பாலம், ரோடு கேட்கிற பட்டியலில் இதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம்.

அது வருகிறபோது வரட்டும். இந்த வருஷம் போகிறவர்கள் என்ன செய்வது? கணக்கைப் பார்ப்போம்.

5 வயசுக் கணக்கு... அங்கேதான் சறுக்கல்!

நம்ம வீடுகளில் பெரும்பாலும் போடுகிற கணக்கு இதுதான். "பிள்ளைக்கு 5 வயசு ஆகுறதுக்குள்ள போயிட்டு வந்துரணும். அப்புறம் டிக்கெட் போடணும்."

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ரெயிலில் 5 வயதுக்குள் இருந்தால் டிக்கெட் வேண்டாம். அரசு பஸ்சிலும் 5 வயது வரை இலவசம் என்று 2022-ல் அறிவித்துவிட்டார்கள். வண்டலூர் பூங்காவிலும் 5 வயதுக்குக் கீழே நுழைவுக் கட்டணம் கிடையாது. 5 முடிந்து 12-க்குள் இருந்தால் ரெயிலில் அரை டிக்கெட் எடுக்கலாம். ஆனால் பெர்த் கிடையாது. தனி பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். 2016 ஏப்ரலில் கொண்டு வந்த விதி இது. இன்னும் பல பேருக்குத் தெரியாமல் "அரை டிக்கெட் எடுத்தேனே, பெர்த் எங்கே?" என்று டி.டி.ஆரிடம் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆக 5 வயசுக்குள் போனால் மிச்சம்தான். காசு மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் நஷ்டம்.

வண்டலூர் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 1,490. நம்ம ஊரில் 10 ஏக்கர் தோப்பைச் சுற்றி வந்தாலே 3 வயசுப் பிள்ளை "தூக்கு" என்று கையை நீட்டும். இங்கே ஒரு கூண்டில் இருந்து அடுத்த கூண்டுக்குப் போகவே மூச்சு வாங்கும். பத்து மணிக்கு நடக்க ஆரம்பித்த பிள்ளை 11 மணிக்கு இடுப்பில். 12 மணிக்குத் தோளில். ஒரு மணிக்கு வாயைத் திறந்து தூக்கம். சிங்கத்தைப் பார்க்கும்போது பிள்ளை தூங்குகிறது. பிள்ளை முழிக்கும்போது சிங்கம் தூங்குகிறது. ராத்திரி முழுக்க ரெயிலில் மடியில் போட்டு வந்த அம்மாவுக்கு முதுகு போயிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு "என்னடா பார்த்தே?" என்று கேட்டால், பிள்ளை சொல்லும்: "ஐஸ்கிரீம்!"

அதனால் நம் கருத்து இதுதான். கடைக்குட்டிக்கு 5, 6 வயது ஆகும் வரை வண்டலூர் வேண்டாம். அதுவரைக்கும் திருவனந்தபுரம் போதும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்கா

சென்னை என்றால் நமக்கு நெஞ்சுக்குப் பக்கத்தில். திருவனந்தபுரம் என்றால் வேற மாநிலம் என்று தூரமாகத் தெரிகிறது. நிஜத்தில் தூரம் வண்டலூருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். தென்காசிக்குப் போய், அங்கிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் பஸ். ராத்திரி ரெயில் வேண்டாம். பெர்த் தகராறு வேண்டாம். விடியற்காலை கிளம்பினால் ராத்திரி வீட்டுப் பாயில் படுக்கலாம்.

திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை 1857-ல் ஆரம்பித்தது. நாட்டிலேயே பழைய பூங்காக்களில் ஒன்று. ஊருக்கு நடுவில், நேப்பியர் மியூசியம் இருக்கிற அதே வளாகத்தில் இருக்கிறது. பரப்பு 55 ஏக்கர்தான். அதாவது வண்டலூருக்குள் இது மாதிரி 27 பூங்காவை வைக்கலாம். சின்னப் பிள்ளைக்கு அதுதான் வசதி. பெரிய பெரிய மரம், நிழல், புலி, சிங்கம், நீர்யானை, பாம்பு, பறவை எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் முடிந்துவிடும். திங்கட்கிழமை மட்டும் லீவு. அன்றைக்கு மியூசியமும் மூடித்தான் இருக்கும்.

(இந்தப் பூங்காவில் இருந்து 2023 ஜூனில் ஒரு குரங்கு தப்பித்து ஓடி, மூன்று வாரத்துக்கு மேல் ஊர் மரங்களில் தாவித் தாவி ஊழியர்களைத் தண்ணி குடிக்க வைத்தது. கடைசியில் ஒரு கட்டடத்தின் பாத்ரூமில் மாட்டியது. போகிற வழியில் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் குரங்குக் கூண்டு பக்கம் தனி மவுசு!)

தொல்லை இல்லாமல் இல்லை. புளியரை எஸ் வளைவைத் தாண்டியதும் மலை ரோடு. வாந்தி எடுக்கிற பிள்ளை என்றால் காலையில் வயிறு முட்ட இட்லி கொடுக்காதீர்கள். ஒரு கேரி பேக்கும் ஒரு மாற்றுச் சட்டையும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். நாலு வீடு சேர்ந்து வேன் பிடிக்கிறவர்கள், கேரளாவுக்குள் போக பர்மிட்டும் வரியும் யார் தலையில் என்று முதலிலேயே வண்டிக்காரரிடம் பேசி விடுங்கள். செக்போஸ்ட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பிள்ளைகள் அழ அழப் பேரம் பேசுகிற கூத்து வேண்டாம். ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் மழை கொட்டும். குற்றாலம் சீசன் என்பதால் தென்காசி ரோட்டில் கூட்டமும் பிடுங்கும். "வர்ற வழியில ஒரு குளியல் போட்டுருவோம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சின்னப் பிள்ளை இருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும்.

உயிர் காலேஜ் பயணம்

இனி வண்டலூர். அந்தக் காலத்தில் மெட்ராஸ் போய்விட்டு வந்த பெரியவர்கள் "உயிர் காலேஜ், செத்த காலேஜ் எல்லாம் பார்த்தோம்" என்பார்கள். செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ் என்றால் மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை. 1855-ல் மியூசிய வளாகத்தில் ஆரம்பித்து, பிறகு சென்ட்ரல் பக்கம் போய், இடம் போதாமல் கடைசியாக வண்டலூருக்கு மாறியது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்ற பெயரில் 1985-ல் அப்போதைய முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார்.

அந்த இடமாற்றம் சென்னைக்காரர்களுக்குத் தூரம். நமக்கு அதிர்ஷ்டம்! ஊருக்குள் போகவே வேண்டாம். செங்கோட்டையில் இருந்து தினமும் ஓடுகிற பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போய் விடியற்காலையில் தாம்பரம் சேருகிறது. எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்குங்கள். அங்கிருந்து செங்கல்பட்டு போகிற மின்சார ரெயிலில் பெருங்களத்தூருக்கு அடுத்து வண்டலூர்தான். பஸ்சில் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தபோது, "ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கி விடுறாங்களே" என்று தென்மாவட்ட ஜனங்கள் புலம்பாத நாள் இல்லை. ஆனால் ஜூ பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் அது வரம். கிளாம்பாக்கத்தில் இருந்து பூங்கா சில நிமிஷ தூரம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. ரெயில் விடியற்காலையில் இறக்கி விடுகிறது. பூங்கா கேட் திறப்பது 9 மணிக்கு. நடுவில் மூன்று, நாலு மணி நேரம். இந்த நேரத்தைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். நேராக பூங்கா வாசலுக்குப் போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைக் காயப் போடுவதை விட, தாம்பரம் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமிலேயே பல் துலக்கி, முகம் கழுவி, பிள்ளைகளை இன்னொரு மணி நேரம் தூங்க விடுவது நல்லது. பிறகு வயிறார டிபன். 9 மணிக்கு வாசலில் முதல் ஆளாக நிற்க வேண்டும்.

ஏன் முதல் ஆள்? காலை 9 முதல் 11 வரைதான் மிருகங்களுக்கும் சுறுசுறுப்பு. வெயில் ஏறினால் புலியும் சிங்கமும் நிழலைத் தேடிப் படுத்துவிடும். பூனைச் சாதிக்கு ஒரு நாளில் பாதிக்கு மேல் தூக்கம்தான். மதியம் வந்தவர்கள்தான் "காசு கொடுத்து வந்தோம், புலி எந்திரிக்கவே மாட்டேங்குதே" என்று கையைத் தட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள், சில புண்ணியவான்கள் கல்லையும் எறிகிறார்கள். மிருகத்தைச் சீண்டுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும், தின்பண்டம் போடுவதும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே உள்ளே போனதும் புலி, வெள்ளைப்புலி, சிங்கத்தை முடியுங்கள். அடுத்து குரங்கு, யானை. வெயில் நேரத்துக்கு நீர்யானை, முதலை, பாம்பு. அவை எங்கேயும் ஓடாது.

எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பாதீர்கள். 1,490 ஏக்கரை ஒரே நாளில் யாரும் முடித்தது இல்லை. ராத்திரி ரெயிலில் போகும்போதே பிள்ளைகளிடம் கேட்டு ஆளுக்கு மூன்று மிருகம் எழுதி வாங்குங்கள். அதைப் பார்த்துவிட்டால் டூர் வெற்றி. மிச்சம் கண்ணில் பட்டால் போனஸ்.

பர்ஸ் எங்கே ஓட்டை?

நுழைவுக் கட்டணத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். 2023-ல் பெரியவர்களுக்கு 115 ரூபாயாக இருந்ததை 200 ரூபாய் ஆக்கினார்கள். புருஷன், பொண்டாட்டி இரண்டு பேருக்கு 400. தாத்தா, பாட்டியும் வந்தால் 800. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிறவருக்கும், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற அம்மாவுக்கும் இது சும்மா இல்லை. தறி நின்றால் கூலி நின்றது. டூர் போகிற நாளுக்குச் சம்பளமும் கிடையாது, செலவும் உண்டு. ஏழை ஜனங்கள் அதிகம் வருகிற அரசுப் பூங்காவில் ஒரே அடியாக இவ்வளவு ஏற்றியது கொஞ்சம் கூடுதல்தான்.

ஆனால் பர்சில் பெரிய ஓட்டை அது இல்லை. கேட்டுக்கு வெளியே பலூன், குரங்கு பொம்மை, கண்ணாடி. கேட்டுக்கு உள்ளே ஐஸ்கிரீம், கூல்டிரிங்க்ஸ். பிள்ளைக்குப் பசி வந்த பிறகு வாங்குவது எல்லாமே இரண்டு மடங்கு. காலையில் வயிறு நிறைந்திருந்தால் இதில் பாதி குறையும். ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பையும், யூஸ் அண்டு த்ரோ கப்பும் இருந்தால் அங்கேயே பிடுங்கல். பொம்மை விஷயத்தில், "ஆளுக்கு ஒண்ணு, அதுவும் வெளிய வரும்போதுதான்" என்று ஊரிலேயே ஒப்பந்தம் போட்டுவிடுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. பேட்டரி கார். "நடந்தே பார்த்துக்கலாம், அதுக்கு ஏன் தனியா காசு?" என்று வீட்டுக்காரர்கள் முறுக்கிக்கொள்வார்கள். 12 மணி வெயிலில் அவர்களே தேடி ஓடுவார்கள். அதற்குள் அங்கே கியூ நின்றிருக்கும். சின்னப் பிள்ளை இருந்தால் பேட்டரி கார் காசை நுழைவு டிக்கெட்டோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். பூங்கா இணையதளத்தில் டிக்கெட் முன்கூட்டியே எடுக்கலாம். லீவு நாளில் கவுண்ட்டர் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை ஜாக்கிரதை!

வண்டலூருக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. பண்டிகை சமயத்தில் சில வருஷம் செவ்வாயிலும் திறப்பதாக அறிவிப்பார்கள். அறிவிப்பைக் கண்ணால் பார்க்காமல் கிளம்பக் கூடாது. மில்லில் வார ஓய்வு செவ்வாயில் விழுகிறவர்கள் ஷிப்டை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். ராத்திரி பூரா ரெயிலில் வந்து பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் இன்னமும் இருக்கத்தான் செய்கின்றன.

எந்த மாசம் போகலாம்? மே மாதம் வேண்டவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் சென்னை வெயில் பெரியவர்களையே சுருட்டும். அரையாண்டு லீவு விடுகிற டிசம்பரில் புயல் பயம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து, இந்தப் பூங்காவில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்து, மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்து சென்னையே தண்ணீரில் மிதந்தது. பொங்கல் லீவு நல்ல பருவம்தான். ஆனால் காணும் பொங்கல் அன்று மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள். சென்னை ஜனம் மொத்தமும் மெரினாவுக்குப் பாதி, வண்டலூருக்குப் பாதி என்று கிளம்பும் நாள் அது. மிருகத்தைப் பார்க்கப் போய் மனுஷ முதுகைத்தான் பார்க்க முடியும்.

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரெயில் ஏறி, சனிக்கிழமை பூங்கா பார்த்து, அன்று ராத்திரியே திரும்ப ரெயில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்து உடம்பைத் தேற்றலாம். திங்கட்கிழமை மில், ஸ்கூல் எதுவும் கெடாது.

சாயந்திரம் பூங்கா மூடுகிற 5 மணிக்கும் ராத்திரி ரெயிலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். உடனே ஒருத்தர் "அப்படியே பீச்சு", இன்னொருத்தர் "ரங்கநாதன் தெரு" என்பார்கள். வண்டலூரில் இருந்து மெரினா போய்வர அந்த டிராபிக்கில் எவ்வளவு நேரம் ஆகும் என்று சென்னையில் இருக்கிற மச்சானிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ரெயிலை விட்டால் மறுநாள் பஸ்சுக்கு மறுபடியும் காசு.

ஒரு நிமிஷம் கண் அசந்தால்...

செலவு, வெயில், அலைச்சல் எல்லாம் போகட்டும். பிள்ளை பத்திரம்.

2014 செப்டம்பரில் டெல்லி மிருகக்காட்சி சாலையில் வெள்ளைப்புலி இருந்த அகழிக்குள் ஒரு வாலிபர் விழுந்தார். சுற்றி நின்று ஜனங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்க, புலி அவரைக் கொன்றுவிட்டது. 2016 மே மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்காவில் 3 வயசுப் பையன் வேலியைத் தாண்டி கொரில்லா இருந்த பள்ளத்துக்குள் விழுந்தான். அம்மா பக்கத்தில்தான் நின்றார். பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். வளர்ந்த நாட்டில், அவ்வளவு பாதுகாப்பு உள்ள இடத்திலேயே இந்த நிலை.

நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பிள்ளைக்கு நல்லாத் தெரியட்டும் என்று கைப்பிடிச் சுவர் மேலே தூக்கி உட்கார வைக்கிறார்கள். அதோடு செல்பி வேறு! தோளில் தூக்கிக் காட்டுங்கள். சுவரில் மட்டும் ஏற்றாதீர்கள். பூங்காவில் சுற்றுகிற வெளிக் குரங்குகள் கையில் இருக்கிற பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்க வரும். பிள்ளை விடாது, குரங்கும் விடாது. நகம் கீறினால் ஆஸ்பத்திரி, ஊசி என்று டூர் அங்கேயே முடிந்தது.

காணாமல் போகிற பிரச்சினைக்கு மெரினா போலீசார் நல்ல வழி வைத்திருக்கிறார்கள். காணும் பொங்கல் அன்று சின்னப் பிள்ளைகள் கையில் பெற்றோர் செல் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டி விடுகிறார்கள். அதை நாமே செய்யலாம். ஒரு துண்டு பிளாஸ்திரி, ஒரு பால்பாயிண்ட் பேனா. மணிக்கட்டில் ஒட்டி, இரண்டு நம்பர் எழுதுங்கள். அம்மா நம்பர் ஒன்று, அப்பா நம்பர் ஒன்று. மத்தியானத்துக்குள் ஒரு போனில் சார்ஜ் போய்விடும் என்பதால்தான் இரண்டு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே கலரில், தூரத்தில் இருந்தே தெரிகிற மாதிரி சட்டை போட்டு விட்டால் இன்னும் உத்தமம். மஞ்சள் நல்லது. பச்சை வேண்டாம். அங்கே எல்லாமே பச்சை.

பெர்த் விஷயம் கடைசியாக. ரெயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆக்கிவிட்டார்கள். பொதிகையில் லீவு நாள் டிக்கெட் நிமிஷக் கணக்கில் காலியாகும். தை கடைசியில் போக நினைக்கிறவர்கள் கார்த்திகை கடைசியிலேயே ஸ்டேஷன் கவுண்ட்டரில் காலை 8 மணிக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். போக மட்டும் எடுத்துவிட்டு, "வர்றதுக்கு அங்க பார்த்துக்கலாம்" என்று வராதீர்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் அதே வாரத்தில் எடுத்துவிடுங்கள். தூங்கி வழிகிற இரண்டு பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறுவது நடக்கிற காரியம் இல்லை.